முட்டையிட்டுப் பிழைத்த ஏழு

ஜனவரி 27, திங்கள்

பூஞ்சணம் பிடித்துவிட்டது. புழுக்கள் இருந்த போத்தல்களில் பாதியைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. முயல் புழுக்கையைக் காயவைத்து, இடித்து, அரித்து, எவ்வளவு பக்குவமாகத் தீனி செய்தாலும் மாரி முடிகிற நேரத்து ஈரம் என் முகத்தில் கரியைப் பூசிவிட்டுத்தான் போகும். காலையிலேயே அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

இந்த டயரி டொக்டர் சாந்தரூபன் தந்தது. ஏதோ மருந்துக் கொம்பனி அவருக்குக் கொடுத்ததாம், அட்டையில் பெரிய இருதயம் ஒன்று. "தவமலர், நீங்கள் ஈக்களோட கதைக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு இதில எழுதுங்கோ" என்றார். பகிடிதான். ஆனால் நான் கதைக்கிறேன் என்பது உண்மை, அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வெளியாட்கள் யாராவது இதைப் புரட்டினால் வீட்டு ஈ என்று நினைத்துவிடக் கூடாது. இவை மணல் ஈக்கள். மிகச் சின்னவை, நுளம்பு மாதிரி இரைச்சல் கிடையாது, இருக்கிற இடம் தெரியாமல் கடிக்கும். வெளியில் பறக்கிறவற்றில் எங்கேயோ ஒன்றின் வயிற்றில் லீஷ்மேனியா ஒட்டுண்ணி இருக்கும். அது மனிதத் தோலுக்குள் இறங்கினால் மாதக்கணக்கில் ஆறாத புண். வவுனியாவைச் சுற்றி அந்தப் புண்காரர் கூடிக்கொண்டு போவதால்தான் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவே இருக்கிறது. என் வேலை ஒட்டுண்ணி இல்லாத ஈக்களைப் பெருக்கிக் கொடுப்பது. தாயின் வயிற்றில் என்ன இருந்தாலும் முட்டைக்குள் அது போகாது. ஆகவே முட்டையிலிருந்து நான் வளர்த்ததெல்லாம் சுத்தம். பதினொரு வருஷமாக இந்தக் கூட்டம் என் கையில் செத்துப்போகாமல் இருக்கிறது. கொழும்பில் படித்த பெரிய ஆட்கள் இரண்டு தரம் வளர்த்துப் பார்த்துக் கைவிட்ட சாமான் இது.

கொழும்பிலிருந்து பார்க்க வருகிறார்கள், மாசி நடுவில். கூட்டம் மெலிந்திருந்தால் திட்டத்துக்கே பூட்டுத்தான். அதற்குள் எனக்குப் பூஞ்சணம்.

ஜனவரி 28, செவ்வாய்

விடிய முதல் பூமணி அக்காவின் மாட்டுக்கொட்டிலுக்குப் போனேன். கூட்டத்தைத் தேற்ற வெளி ஈக்கள் வேண்டும். விடிகிற நேரம்தான் அவை இரத்தம் குடித்த வயிற்றோடு சுவர் வெடிப்புகளில் தூங்கும். உறிஞ்சு குழாயை வாயில் வைத்து ஒன்று ஒன்றாக இழுக்க வேண்டும். சாணி மணமும் புகையும், முழங்கால் இரண்டும் போய்விட்டது.

பூமணி அக்கா தேத்தண்ணி தந்தா. கன்னத்தில் சின்னப் புண், நடுவில் பொருக்கு. ஆஸ்பத்திரியில் கிழமைக்கு ஒருக்கால் புண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்களாம்.

"நோகுதோ அக்கா?"

"புண் நோகேல்லைப் பிள்ளை. அதுதான் இவ்வளவு காலமும் கவனிக்காமல் விட்டனான். ஊசிதான் உயிர் போகுது."

நல்ல சிவந்த வயிற்றுப் பெட்டைகள் கொஞ்சம் அகப்பட்டன. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிமிழில் விட்டேன். இனி அவை முட்டையிட வேண்டும்.

பெப்ரவரி 3, திங்கள்

முட்டைகள்! கறுப்பு மணிகள் கொட்டினது போல. நான் சிமிழ்களைத் தூக்கி ஒவ்வொருத்தியையும் புகழ்ந்துகொண்டிருந்தபோது சுகிர்தா கதவில் நின்று சிரித்தாள். இவள் எங்கள் பிரிவின் கிளார்க். கணக்கும் கடிதமும்தான் அவள் வேலை, ஆனால் என்னைச் சுற்றித்தான் திரிவாள். "அக்கா, எனக்கு ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை" என்றாள். கலியாணம் முடித்து எட்டு வருஷம், பிள்ளை இல்லை. எனக்கும் இல்லை, ஆனால் எனக்கு அது பழகிப்போன சங்கதி. தேத்தண்ணி குடிப்பம் வாரும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

பெப்ரவரி 5, புதன்

முட்டையிட்டால் மணல் ஈ பெரும்பாலும் செத்துவிடும். அந்தப் பாடு அதற்குத் தாங்காது. இந்த முறையும் அப்படித்தான், சிமிழ் சிமிழாகக் கவிழ்ந்து கிடந்தன. ஆனால் ஏழு பிழைத்துவிட்டன. என்ன உரம்! சிறகு ஓரங்கள் பிய்ந்திருக்கின்றன, ஆனால் தட்டினால் துள்ளுகின்றன.

எங்கள் ஒழுங்கு என்னவென்றால், வெளியிலிருந்து பிடித்தது முட்டையிட்டு முடிந்ததும் சாராயத்தில் போட்டுவிட வேண்டும். வளர்ப்புக் கூட்டோடு சேர்க்கக் கூடாது. நான் சிமிழையும் சாராயப் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். இந்த ஏழும் இன்னொரு தரம் இரத்தம் குடித்தால் இன்னொரு தரம் முட்டையிடும். பூஞ்சணம் தின்றதில் பாதியாவது திரும்பும். வெளி ஈக்களில் நூற்றுக்கு ஒன்றில்கூட ஒட்டுண்ணி இருக்காது என்று டொக்டரே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டுமென்றால் ஈயை வெட்ட வேண்டும். வெட்டினால் ஈ இல்லை. பிறகு பார்த்து என்ன பிரயோசனம்?

ஏழையும் பெரிய கூட்டில் விட்டேன். பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

இன்று இரத்தம் கொடுக்கும் நாள். முன்பெல்லாம் என் இடது கைதான் இவர்களுக்குச் சோறு. கார்த்திகையிலிருந்து என் உடம்பு இவர்களின் எச்சிலோடு பகை, கடித்த இடமெல்லாம் கொப்புளமாகி டொக்டர் தடுத்துவிட்டார். முயலில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சுகிர்தாதான் தானாகவே வந்து கை தருகிறாள். டொக்டர் அவளிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார், எல்லாம் முறைப்படிதான்.

இன்று அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதம். பிள்ளைக்காக. "விரதம் எனக்குத்தான் அக்கா, உங்கட பெட்டையளுக்கு விருந்து" என்று சொல்லிக்கொண்டு கையைக் கூட்டின் துணி வாசலுக்குள் விட்டாள். விளக்கை அணைத்துச் சிவப்பு விளக்கைப் போட்டேன்.

வழக்கமாக ஐந்து பத்து நிமிஷத்தில் வயிறு சிவந்து தள்ளாடிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். இன்று சிலதுக்கு என்ன பிடித்ததோ. குத்துவது, எழும்புவது, அரை விரல் தள்ளிப் போய்த் திரும்பக் குத்துவது. வயிறு மட்டும் சிவக்கவில்லை. ஒன்றுக்கு அவளுடைய மணிக்கட்டின் உள்பக்கத்தை விட மனமே வரவில்லை.

"என்னக்கா இவையள், சோறு ஊட்டினா ஓடித்திரியிற பிள்ளையள் மாதிரி. எடுக்கட்டே?"

"இன்னும் கொஞ்சம் வைச்சிரும். ரெண்டு பேர் நிரம்பேல்லை."

வைத்திருந்தாள். தங்கமான பிள்ளை. கடைசிவரை அந்த இரண்டும் அரை வயிறுதான். முட்டை எவ்வளவு வரும் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 8, சனி

வீடு கூட்டினேன். இவரின் வேட்டிகளைத் தோய்த்தேன். "மருமக்கள் சுகமோ?" என்று கேட்டார், என் ஈக்களைத்தான். சுகம் என்றேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

முட்டை நிறைய. மிக நிறைய. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

கொழும்புக்காரர் வந்து போனார்கள். கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கி இங்கிலிஷில் என்னவோ புகழ்ந்தா. திட்டம் இன்னும் மூன்று வருஷத்துக்குப் பயமில்லையாம். டொக்டருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

பின்னேரம் டொக்டர் அவர்களுக்குத் திரையில் படம் போட்டு விளங்கப்படுத்தினார். கூட்டத்தில் தமிழ் ஆட்கள் இரண்டு பேர், பிறகு அவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார். நான் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். என் வேலை ஈ. ஈக்குள் நடப்பது அவருடைய வேலை என்று இருந்துவிட்டவள் நான். இன்றுதான் முழுக்கக் கேட்டேன்.

ஈ புண்காரரைக் கடித்து இரத்தம் குடிக்கும்போது ஒட்டுண்ணியும் வயிற்றுக்குள் போகிறது. அங்கே இரத்தச் சாப்பாட்டில் கொழுத்து, வால் முளைத்து, இரண்டு நாலாகப் பெருகுகிறது. டொக்டர் அதைச் சவுக்குமுளை என்கிறார், எனக்கு வால் போதும். அந்தக் கட்டத்தில் அது மனிதருக்கு ஒன்றும் செய்யாது. தோலுக்குள் போனாலும் எங்கள் இரத்தமே அதைக் கொன்றுவிடும். பிறகு இரத்தம் செரித்துத் தீர்கிறது. வயிறு வெறுமை. அப்போதுதான் ஒட்டுண்ணி மாறுகிறது. பெருகுவதை நிறுத்துகிறது. உடம்பு மெலிந்து, வால் நீண்டு, விறுவிறென்று ஓடுகிற வேறொரு ஆளாகி ஈயின் தொண்டைப் பக்கம் வந்து நிற்கிறது. மனித உடம்பில் பிழைக்கத் தெரிந்தது அந்த மெலிந்த ஆள் மட்டும்தான்.

"வெறுமன நிக்கிறதில்லை," என்றார் டொக்டர். "ஒரு பசையை விட்டுத் தொண்டையை அடைக்குது. ஈக்குப் பசி, ஆனா இரத்தத்தை உறிஞ்ச ஏலாது. குத்தும், எழும்பும், திரும்பவும் குத்தும். வயிறு நிரம்பாது. ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் ஒட்டுண்ணியைத் துப்பிப்போட்டுப் போகும்."

ஒருவர் கேட்டார், இதற்கெல்லாம் எவ்வளவு காலம் எடுக்கும் என்று.

"ஈ இரத்தம் செரிச்சு முட்டையிட்டு முடிக்கிற காலம்தான், ஏறக்குறைய. அதனால முட்டையிட்டும் சாகாமல் இரண்டாந்தரம் கடிக்க வாற ஈ இருக்கே, அதுதான் ஆள். நல்ல காலம், அப்படிப் பிழைக்கிறது குறைவு."

சுகிர்தா முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறிவிட்டது, திரும்பச் சுட வைத்தேன். வந்தவர்களுக்கு வடை பிடித்துக்கொண்டது.

பெப்ரவரி 19, புதன்

கூட்டை அலசினேன். சிறகு பிய்ந்த ஆட்களைத் தேடி. ஆறு அடியில் காய்ந்து கிடந்தன, தொட்டால் தூள். ஒன்று மட்டும் மூலையில் உயிரோடு.

டொக்டர் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், கூட்டமென்று போயிருந்தார். கதவைச் சாத்தினேன். இனம் பார்ப்பதற்காக ஈயின் வாலைத் திறந்து பழக்கம் உண்டு. இன்று தலைப் பக்கத்தால் இழுத்துத் திறந்து, கண்ணாடித் துண்டில் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன்.

ஓடிக்கொண்டிருந்தன. மெலிந்தவை. வால் உடம்பைவிட நீளம். தொண்டைப் பக்கத்தில் ஒரு பசைக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றன, கூட்டத்திலிருந்து கழன்றவை இங்கும் அங்கும் விறுவிறென்று.

என் கண்ணுக்கு வயதாகிவிட்டது. தண்ணீரில் தூசியும்தான் ஓடும். ஒரு ஈ, ஒன்றே ஒன்று. அதுதான் சுகிர்தாவைக் கடித்தது என்று யார் சொன்னது? கடித்தால் எல்லாருக்கும் வருகிறதா? பூமணி அக்காவின் வீட்டில் ஐந்து பேர், புண் ஒருவருக்குத்தானே.

கண்ணாடியைக் கழுவினேன். டொக்டர் வரும்போது நான் புழுக்கை இடித்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

மழை இல்லை. புழுக்கை நன்றாகக் காய்ந்தது.

மார்ச் 11, செவ்வாய்

சுகிர்தா முழுகாமல் இருக்கிறாள்.

காலையில் ஈ அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினாள். "அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, மூன்று மாசம் ஆகட்டும் எண்டு இவர் சொன்னவர். ஆனா உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருக்க ஏலாது." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். என் அழுகையைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள், "ஏனக்கா, ஏன்?" என்று என் முதுகைத் தடவினாள்.

அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டின் உள்பக்கம். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது.

கை தருகிறவள் என்பதால் டொக்டரிடம் மட்டும் அவளே சொன்னாள், இனி கை தரக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். முயலிடமே போகிறோம். புழுக்கைக்காக வளர்த்த முயலுக்கு இரண்டாவது உத்தியோகம்.

மார்ச் 30, ஞாயிறு

சுகிர்தா வீட்டுக்குக் கீரைப் புட்டும் மீன் குழம்பும் கொண்டுபோனேன். அவளுக்குச் சத்தி. மீன் மணமே பிடிக்கவில்லை, புட்டை மட்டும் தின்றாள். மணிக்கட்டு சுத்தம்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் இவர் கேட்டார்: "உமக்கு அவளின்ர கையில என்ன? போற நேரமெல்லாம் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கிறீர். காப்புக்கு அளவெடுக்கிறீரோ?"

"ஓம், தங்கக் காப்பு. நீங்கள் வாங்கித் தாறதெண்டா அளவு சொல்லுறன்" என்றேன். சிரித்தார். பின்னால் இருந்து என் முகம் அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகினோம். சுகிர்தாவும் அவள் புருஷன் பவித்திரனும் வந்தார்கள். பவித்திரன் வாத்தியார், அதிகம் கதைக்காத மனுஷன், இன்று கதைத்துத் தள்ளிவிட்டார். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம். கைவிசேஷக் காசு கொடுக்கும் சாட்டில் அவள் கையைப் பார்த்தேன். சுத்தம். கடவுளே, சுத்தம்.

கோவிலுக்கு நேர்ந்துவிட்டேன். எதற்கென்று இவர் கேட்டார், முழங்காலுக்கு என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சிவப்பு. கடுகளவு. நுளம்பு கடித்திருக்கும். இப்போது நுளம்புக் காலம்.

மே 6, செவ்வாய்

கடுகு உளுந்தாகிவிட்டது. தொட்டால் கல்லுப் போல.

"சொறியுதோ?"

"இல்லையக்கா."

"நோகுதோ?"

"நோகேல்லை. அதுதான் நான் பெரிசா எடுக்கேல்லை."

இதே வசனத்தை வேறு வாயில் கேட்டிருக்கிறேன்.

மே 8, வியாழன்

இன்று அவள் கையில் வெள்ளைப் பூச்சு. பாமசிக்காரன் தந்தானாம். குழாயை வாங்கிப் பார்த்தேன். அந்த மருந்து எனக்குத் தெரியும். சொறி அடங்கும், வீக்கம் வற்றும், ஆனால் இந்தப் புண்ணில் பூசினால் தோலின் காவலைக் கட்டிப்போட்டு ஒட்டுண்ணிக்கு வாசலைத் திறந்துவிடும். கிளினிக்கில் டொக்டர் நோயாளிகளிடம் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான்.

"உந்தப் பூச்சைப் பூசாதையும்."

"ஏன்?"

"வயித்தில பிள்ளை. கண்டதையும் பூசக் கூடாது."

"அப்ப ஒருக்கால் டொக்டரிட்டக் காட்டட்டே?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "காட்டினா அவர் உடன லீஷ்மேனியா எண்டுவார். அவருக்கு எதைப் பார்த்தாலும் அதுதான். ஆனா நான் இருக்கிறது டவுனில, மேல்மாடி வீடு. மாடும் இல்லை, காடும் இல்லை. இஞ்ச எண்டா, உங்கட பெட்டையள் சுத்தம்தானே அக்கா. வேற ஆரின்ர ஈ எண்டாலும் நான் கை குடுத்திருக்க மாட்டன்."

நான் முயலுக்குப் புல் வைக்க வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டேன்.

மே 9, வெள்ளி

நாளைக்குச் சொல்வேன்.

மே 10, சனி

சனிக்கிழமை. அவள் வேலைக்கு வருவதில்லை என்பது எனக்கு நேற்றே தெரியும்.

மே 12, திங்கள்

வெசாக் லீவு. டவுனெல்லாம் வெளிச்சக் கூடு. இவர் பார்க்கக் கூப்பிட்டார், தலையிடி என்று படுத்துவிட்டேன். அவர் போகாமல் பக்கத்தில் வந்து இருந்தார். "என்ன நடந்தது எண்டு நான் கேக்கேல்லை. ஆனா மூன்று மாசமா நீர் ஈயளோட கதைக்கிறதை விட்டிட்டீர்" என்றார். எனக்குச் சரியான கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா, என்னைக் கவனிப்பதைத் தவிர.

வேலை போகும். அது போகட்டும். பதினொரு வருஷக் கூட்டமும் போகும். எனக்குப் பயம் அதுவும் இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்கப் போகிற அந்த ஒரு பார்வைதான். நான் கோழை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மே 13, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அவளுடைய மேசையில், காலையில், அவள் கைப்பையை வைப்பதற்கு முதல். நின்றுகொண்டே சொன்னேன். பிழைத்த ஏழு, சாராயத்தில் போடாதது, பெரிய கூட்டில் விட்டது. அன்று வயிறு நிரம்பாமல் குத்தித் திரிந்தவை ஏன் அப்படித் திரிந்தன என்பது. கடைசி ஈயைத் திறந்து பார்த்தது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு வயிற்றில் கை வைத்தாள்.

"எப்ப தெரியும்?"

"கொழும்புக்காரர் வந்த கிழமை."

கணக்குப் பார்ப்பது அவள் தொழில். பார்த்துவிட்டாள்.

"நான் வந்து சொன்ன அண்டைக்கு, என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதனீங்கள். அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"நான் நினைச்சன், எனக்காக அழுகிறியள் எண்டு."

உமக்காகத்தான் அழுதேன் என்று சொல்லியும் என்ன. அவள் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு டொக்டரின் அறைக்குத் தனியாகப் போனாள். கூட வரட்டுமா என்று நான் கேட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 14, புதன்

டொக்டர் புண்ணின் ஓரத்தைச் சுரண்டிச் சாயம் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருக்கச் சொன்னார். மனித உடம்புக்குள் வந்ததும் வாலை விட்டுவிட்டு உருண்டையாகிவிடுகின்றன. சின்னச் சின்ன முட்டைகள் போல ஒரு உயிரணுவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. இந்த முறை தூசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளை பிறக்கும்வரை ஊசி போட முடியாது, அந்த மருந்து வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது. திரவ நைதரசனால் புண்ணை உறைய வைப்பதுதான் வழி. புண் இப்போது சின்னதாக இருப்பதால் அது போதும் என்று நம்புகிறார். பூச்சைத் தொடர்ந்து பூசியிருந்தால் கதை வேறாம். தோலோடு நிற்கிறதா உள்ளே இறங்குகிறதா என்று மாதாமாதம் இரத்தமும் மண்ணீரலும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து ஒட்டுண்ணி பெரும்பாலும் தோலோடு நிற்கும். பெரும்பாலும் என்றார். அந்தச் சொல்லை நான் இனி எங்கு கேட்டாலும் நம்பமாட்டேன்.

"தவமலர், ஒரு ஈயை வெட்டிப் பார்த்திருந்தாலும்…"

"வெட்டினனான் டொக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மே 16, வெள்ளி

கூட்டத்தை முடித்தேன். டொக்டர் வேறு ஆளைவிட்டுச் செய்கிறேன் என்றார், நான் விடவில்லை. கூடு, சிமிழ், முட்டை, புழு, எல்லாம் உறைகுளிர்ப் பெட்டிக்குள். ஒரு போத்தலையும் விட்டுவைக்கவில்லை. பின்னேரம் பிளாஸ்டர் பூசிய வெறும் போத்தல்களைச் சுடுதண்ணியில் கழுவினேன். முயலைப் பூமணி அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவவின் கன்னம் ஆறிவிட்டது, அடையாளம் மட்டும் இருக்கிறது.

இவரிடம் எல்லாம் சொன்னேன். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஜூன் 4, புதன்

என்னைக் கருவி அவிக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை. தட்டு கழுவு, சுற்று, அவி, அடுக்கு. ஈரம் அங்கேயும் உண்டு, ஆனால் பூஞ்சணம் வந்தால் யாரும் சாகமாட்டார்கள்.

சுகிர்தா என்னைக் கண்டால் வேறு வழியால் போகிறாள். வயிறு தெரியத் தொடங்கிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

அவளுக்கு முதல் உறைவைப்பு. அவித்த தட்டுகளைக் கிளினிக்குக்கு நானே கொண்டுபோனேன், நேர்சின் வேலை அது. வாசலில் நின்றேன். உள்ளே அவள் ஒருதரம் "அம்மா" என்றது கேட்டது. இரத்தப் பரிசோதனை நல்லதாம், நேர்ஸ் சொன்னா.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாம் தரம். தட்டோடு நின்றேன். பவித்திரன் என்னைக் கடந்து போனார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் தரம். பவித்திரனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, வரவில்லை. நேர்ஸ் வேறொரு நோயாளியோடு. நான் வாசலில் தட்டோடு நின்றேன், யாராவது கேட்டால் வைக்க வந்தேன் என்று சொல்லலாம்.

உள்ளே டொக்டர் சொல்வது கேட்டது: "கை ஆடுது சுகிர்தா. ஆரும் பிடிக்க வேணும். நேர்ஸ் வரட்டும்."

பிறகு அவளுடைய குரல்: "வாசலில நிக்கிற அக்காவைக் கூப்பிடுங்கோ. ஒவ்வொரு முறையும் நிக்கிறாதானே."

போனேன். தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் முழங்கையிலும் உள்ளங்கையிலும் பிடித்துக்கொண்டேன். அவளுடைய கை சூடாக இருந்தது. புண் போன தரத்தைவிடச் சுருங்கியிருந்தது, நடுவில் பொருக்கு, ஓரத்தில் இன்னும் ஒரு சிவப்பு வளையம். டொக்டர் பஞ்சுக் குச்சியை நைதரசனில் தோய்த்து வைத்தார். புகை எழும்பியது. தோல் வெள்ளையாகிக்கொண்டு போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள், வயிறு மேசையில் முட்டியது.

"போதும் எண்டு நினைக்கிறன்," என்றார் டொக்டர். "நோகுதெண்டா நிப்பாட்டுவம்."

வெள்ளை வளையத்துக்கு வெளியே, சிறுவிரல் பக்கமாக, ஒரு நூலளவு சிவப்பு மிச்சம் இருந்தது. டொக்டர் இருந்த பக்கத்தால் அது தெரியாது. நான் இருந்த பக்கத்தால் தெரிந்தது. அதைச் சொன்னால் அவளுக்கு இன்னும் நோகும். சொல்லாமல் விட்டால் அந்த நூலிலிருந்து திரும்பத் தொடங்கும்.

சுகிர்தா மே மாதத்துக்குப் பிறகு முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா சொல்லட்டும். முழுக்கப் பட்டிட்டுதோ?"

"இல்லை," என்றேன். "இன்னும் கொஞ்சம் வைச்சிரும்."

அவள் கையை எடுக்கவில்லை.